வீடு மாறும்போது மீட்டரைப் பார்த்தீர்களா?

வீடு மாறும்போது என்னென்ன மறக்கும்? பரணில் கிடக்கும் அண்டா, கொடியில் காயும் துண்டு, பால்காரரிடம் சொல்வது, கேஸ் புத்தகம்... இப்படி ஒரு பட்டியல் எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஆனால் வாசல் பக்கச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறதே, உள்ளே சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அதைக் கிளம்பும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தங்கச்சிமடத்தில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பமும் பார்க்கவில்லை.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். 2025-ல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகவில்லை என்றால் கூலி கிடையாது. வீட்டில் ஆள் இருக்கிறார், வெயில் கொளுத்துகிறது, ஃபேன் இரவும் பகலும் ஓடுகிறது. தடைக்காலம் முடிந்ததும் அவர் அவருடைய அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு படகுக்குப் போக ஆரம்பித்தார். மகளுக்கு ராமநாதபுரத்தில் பி.காம். இடம் கிடைத்தது, அம்மாவுக்கு அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலையும் கிடைத்தது. ஜூன் 20 அன்று ஒரு மினி வண்டியில் சாமான்களை ஏற்றி, பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஜூலை 5-ம் தேதி பழைய வீட்டுக்காரரிடமிருந்து போன்.

“தங்கச்சி, கரண்டு பில் 2,208 ரூபா வந்திருக்கு. அட்வான்ஸ்ல கழிச்சிட்டு மிச்சத்த அனுப்புறேன்.”

“என்ன அண்ணே, நாங்க 20-ம் தேதியே காலி பண்ணிட்டமே! மறுநாளே வேற ஆளு வந்துட்டாங்கல்ல?”

“வந்தாங்கதான். ஆனா நீங்க போகும்போது ரீடிங் எவ்வளவுன்னு யாருமே எழுதி வைக்கலையே தாயி. நான் எதை வெச்சுப் பிரிக்கிறது?”

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினையே!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊரில் செல்போன் சிம்மை மாற்றுவதுபோல மின்சாரக் கம்பெனியை மாற்ற முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இவ்வளவு இருந்தும் வீட்டுக்குக் கரண்டு கொடுப்பது ஒரே ஒருவர்தான். 1957-ல் தமிழ்நாடு மின்சார வாரியம், 2010-ல் அதைப் பிரித்தபோது டான்ஜெட்கோ, 2024-ல் மறுபடி பிரித்தபோது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எத்தனை முறை மாறினாலும் ஜனங்களுக்கு அது ஈ.பி.தான் :)

கம்பெனியை மாற்றும் வசதி இந்தியாவிலேயே ஓர் இடத்தில் உண்டு. மும்பை புறநகரில் ரிலையன்ஸ், டாடா பவர் என்று இரண்டு நிறுவனங்களுக்கு உரிமம் இருந்தது. 2008-ல் உச்ச நீதிமன்றம் டாடா பவர் சிறு நுகர்வோருக்கும் மின்சாரம் விற்கலாம் என்றது. 2009-ல் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு வழிமுறை வகுத்தது. அதன்படி வீட்டுக்கு வரும் கம்பி பழைய நிறுவனத்துடையதாகவே இருக்கலாம், பில் மட்டும் புது நிறுவனத்திடமிருந்து வரும். ரிலையன்ஸின் மும்பைத் தொழில் 2018-ல் அதானி கைக்குப் போனது தனிக்கதை. நாடு முழுக்க இப்படி ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் விற்க வழிசெய்யும் மசோதா ஒன்று 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து, நிலைக்குழுவுக்குப் போனது. அது சட்டமாகவில்லை.

பிரிட்டனில் இது அன்றாட விஷயம். அங்கே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெரிதாகச் சொல்லித் தருவது ஒன்றுதான்: மாறும் நாளில் மீட்டர் ரீடிங்கை எடுத்துவை. அந்த எண் பழைய நிறுவனத்துக்குக் கடைசி எண், புது நிறுவனத்துக்கு முதல் எண். 2021-ல் எரிவாயு விலை ஏறி, இருபதுக்கும் மேற்பட்ட மின் விற்பனை நிறுவனங்கள் அங்கே அடுத்தடுத்து மூடப்பட்டன. அப்போதும் வாடிக்கையாளர்களுக்கு ஒழுங்குமுறை அமைப்பு சொன்ன யோசனை இதே: பதற்றப்படாதீர்கள், மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், புது நிறுவனம் உங்களைத் தொடர்புகொள்ளும்வரை காத்திருங்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தின் குளோசிங் பேலன்ஸ்தான் அடுத்த வருடத்தின் ஓப்பனிங் பேலன்ஸ். தங்கச்சிமடத்தில் மின்சாரம் கொடுப்பவர் மாறவில்லை, பயன்படுத்துபவர் மாறினார். கணக்கு ஒன்றேதான். நடுவில் கோடு போட மட்டும் ஆள் இல்லை.

இப்போது அந்த 2,208 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். இப்போதைய எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழித்தால் வருவது யூனிட். அந்த வீட்டில் மே 4-ம் தேதிக்கும் ஜூலை 3-ம் தேதிக்கும் இடையே 520 யூனிட். 2024 ஜூலையில் அமலான விகிதத்தில், அரசு மானியம் போக, வீட்டுக்காரர் கட்ட வேண்டியது இப்படி:

முதல் 100 யூனிட் – இலவசம் (இது 2016-லிருந்து வந்த சலுகை)
101 முதல் 400 வரை – 300 யூனிட், 4.70 வீதம் 1,410 ரூபாய்
401 முதல் 500 வரை – 100 யூனிட், 6.30 வீதம் 630 ரூபாய்
501 முதல் 520 வரை – 20 யூனிட், 8.40 வீதம் 168 ரூபாய்

மொத்தம் 2,208. பில் சரி.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்தம் 500-ஐத் தாண்டாவிட்டால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு 4.70 இல்லை, பாதி விலை, 2.35தான். 500-ஐத் தாண்டிய அந்த நொடியில் இந்தச் சலுகை போய்விடும். சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் ஏன் எல்லோரும் கோபப்படுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். அந்த நாலு நாளில் ஓடும் முப்பது யூனிட், 480-ல் இருந்த வீட்டை 510-க்குத் தள்ளிவிடும்.

தங்கச்சிமடம் கதைக்குத் திரும்புவோம். போன் வந்த அன்று இரவு அம்மாவும் மகளும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். கையில் ரீடிங் இல்லை. வெள்ளை அட்டை பழைய வீட்டிலேயே மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. இருந்தது அம்மாவின் பால் கணக்கு நோட்டு ஒன்றுதான். அதில் மே மாதப் பக்கத்தில் “கரண்டு 1679” என்று எழுதியிருந்தது.

அது போதும் என்றாள் மகள். மார்ச் 5 முதல் மே 4 வரை 60 நாளுக்கான பில் அது. 1,679-ல் 101 முதல் 200 வரைக்கு 235 ரூபாய், 201 முதல் 400 வரைக்கு 940 ரூபாய் கழித்தால் மிச்சம் 504. அதை 6.30-ஆல் வகுத்தால் 80. அப்படியென்றால் 480 யூனிட், ஒரு நாளைக்கு 8 யூனிட். மே 4-லிருந்து காலி செய்த ஜூன் 20 வரை 47 நாள். 47-ஐ எட்டால் பெருக்கினால் 376.

ரூபாயிலிருந்து யூனிட்டைப் பிடித்துவிட்டாள். ஆனால் அதற்கப்புறம்தான் சிக்கலே. 376 யூனிட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

தனியாகக் கணக்குப் போட்டால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 235, மீதி 176-க்கு 827 ரூபாய் 20 காசு. மொத்தம் 1,062 ரூபாய் 20 காசு.

மொத்த பில்லையும் யூனிட் விகிதத்தில் பிரித்தால் 1,597 ரூபாய்.

வீட்டுக்காரர் சொல்வதுபோலக் கொடுத்தால் 2,208 ரூபாய்.

ஒரே மின்சாரத்துக்கு மூன்று விலை! அம்மாவுக்கு முதல் கணக்குதான் நியாயமாகப் பட்டது. மகளுக்கு அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. புதிதாக வந்தவர்கள் 144 யூனிட் ஓட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்களும் அதேபோலத் தனியாகக் கணக்குப் போட்டால் 103 ரூபாய் 40 காசு கொடுத்தால் போதும். இரண்டையும் கூட்டினால் 1,165 ரூபாய் 60 காசு. பில்லோ 2,208. மீதி ஆயிரத்துச் சொச்சம் யாருடையது?

யாருடையதும் இல்லை. இலவச நூறு யூனிட் குடும்பத்துக்குக் கொடுப்பதில்லை, இணைப்புக்குக் கொடுப்பது. இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு நூறு எடுத்துக்கொள்ள முடியாது. 500-ஐத் தாண்டியதும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து தாண்டினார்கள், தனியாக ஒருவரும் தாண்டவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் வரும் கூட்டுச் செலவுக் கணக்கு, தங்கச்சிமடத்தில் ஒரு மீட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

இதே காரணத்தால்தான் ஒரே இணைப்பில் மூன்று நாலு குடித்தனம் உள்ள லைன் வீடுகளில் சண்டை வருகிறது. எல்லோருடைய யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். சில இடங்களில் வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குவார். 90 யூனிட் மட்டும் ஓட்டும் பாட்டிக்கு, தனி இணைப்பு இருந்தால் ஒரு பைசா பில் வராது. அங்கே அவரும் ஏசி வைத்திருப்பவரும் ஒரே விலைதான் கொடுக்க வேண்டும்.

ரீடிங் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு முழுக்க ஒரு முறை பார்த்திருக்கிறது. 2020 கொரோனா ஊரடங்கில் வீடு வீடாக ரீடிங் எடுக்க முடியவில்லை. முந்தைய முறை கட்டிய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, யூனிட்டை இரண்டாகப் பிரித்து விலை போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தைக் கழிப்பதா, யூனிட்டைக் கழிப்பதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020 ஜூலையில் தள்ளுபடி ஆனது. 2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு வந்தபோது, மீட்டரை நீங்களே போட்டோ எடுத்துப் பிரிவு அலுவலகத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றார்கள். மீட்டர் பழுதானாலும் இதே கதைதான். முந்தைய நாலு மாதச் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவார்கள். எண் இல்லாத இடத்தில் சராசரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் மீட்டரைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்றும் கஷ்டமில்லை.

இப்போதுள்ள எலக்ட்ரானிக் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் ஓடும். கிலோவாட் மணி என்ற குறியோடு வரும் எண்தான் ரீடிங். வெறும் கிலோவாட் என்று ஒன்று வரும், அது வேறு. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடலாம். மீட்டரின் வரிசை எண்ணும் வெள்ளை அட்டையில் உள்ள இணைப்பு எண்ணும் வேறு வேறு. ஒரே சுவரில் நாலு மீட்டர் இருந்தால் எது நம்முடையது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மெயினை அணைத்தால் எந்த மீட்டரின் சிமிட்டல் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தச் சிவப்பு விளக்கும் சும்மா சிமிட்டுவதில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் ஒன்று மட்டும் ஓடினால் 15 நொடிக்கு ஒரு முறை சிமிட்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் சிமிட்டினால் எதுவோ ஓடுகிறது. ஃபிரிட்ஜாக இருக்கலாம், செட்டாப் பாக்ஸாக இருக்கலாம், வயரிங்கில் கசிவாகவும் இருக்கலாம். உப்புக்காற்று படும் கடற்கரை வீடுகளில் பழைய வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. மெயினையே அணைத்த பிறகும் சிமிட்டினால், மெயினுக்கு முன்னாலேயே வேறு யாருக்கோ லைன் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த 75 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினால் 1.8 யூனிட். அறுபது நாளைக்கு 108. இலவச நூறு யூனிட்டை ஒரே ஃபேன் தின்றுவிடும்! தடைக்காலமும் 61 நாள், ஈ.பி. கணக்கும் இரண்டு மாதம். வருமானம் இல்லாத அதே இரண்டு மாதத்தில்தான் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். அந்த எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் 2,208-ஐ வைத்துப் பார்த்தால்தான் அந்த போன் எவ்வளவு வலித்திருக்கும் என்று புரியும்.

கடைசியில் என்ன ஆனது?

அம்மா வீட்டுக்காரருக்குப் போன் செய்து மூன்று கணக்கையும் சொன்னார். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். புதிதாக வந்தவர்களிடமும் கேட்டார். நாங்கள் 144 யூனிட் ஓட்டவே இல்லை, ஏசியை இரவு மட்டும்தான் போடுகிறோம் என்றார்கள் அவர்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாரிடமும் எண் இல்லை. இரண்டு நாள் பேசி, விகிதத்தில் பிரித்த தொகைக்கு எல்லோரும் வந்தார்கள். 1,600 ரூபாய் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். “அடுத்து யார் வந்தாலும் போனாலும் முதல்ல ரீடிங் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுர வேண்டியதுதான்” என்றாராம்.

அப்போதுதான் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராமநாதபுரத்துப் புது வீட்டிலும் குடிவந்த அன்று யாரும் ரீடிங் பார்க்கவில்லையே! ஓடிப்போய் அட்டையை எடுத்துப் பார்த்தாள். நல்லவேளை, ஜூன் 18 அன்றுதான் ரீடிங் எடுத்திருந்தார்கள், 7438. இடையில் இரண்டு நாள், அதுவும் வீடு பூட்டியிருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பென்சிலால் கதவுக்குப் பின்னால் சுவரில் எழுதிவைத்தாள். அதற்குக் கீழே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு எண்.

ஆகஸ்ட் 17 அன்று காலையில் மீட்டரில் 7750. 312 யூனிட். “761 ரூபா வரும்மா” என்றாள். மறுநாள் ரீடிங் எடுக்க வந்தவரும் அதே எண்ணைத்தான் எழுதினார், ஒன்றிரண்டு யூனிட் கூட. பில் வந்தபோது ஐந்தாறு ரூபாய்தான் வித்தியாசம்.

“பேசாம நீ ஈ.பி.யிலயே வேலைக்குச் சேர்ந்துரு பாப்பா” என்றார் அம்மா. பிறகு பால் கணக்கு நோட்டை எடுத்து, ஆகஸ்ட் பக்கத்தில் இந்த முறை ரூபாயோடு ரீடிங்கையும் சேர்த்து எழுதினார்.